முட்டைக் கணக்கும் பிள்ளைக் கணக்கும்

உகாண்டாவில் குழந்தைகள் காப்பகம் நடத்துவோர் பலர் வளாகத்திலேயே கோழிப்பண்ணை போடுகிறார்கள். முட்டை விற்ற காசில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தையும் சாப்பாட்டுச் செலவையும் ஓரளவாவது சமாளிக்கலாம் என்பது எண்ணம். கொட்டகை போடவும் குஞ்சு வாங்கவும் உதவி கேட்டு வெளிநாடுகளுக்குக் கடிதங்கள் போகின்றன. தேவாலயங்களும் சங்கங்களும் மனமுவந்து கொடுக்கின்றன. கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம் என்பதே நம் பதில். ஆனால் அந்தக் கடிதங்களில் வழக்கமாக இடம்பெறாத இரண்டு கணக்குகளைக் கேட்டு வாங்கிவிட்டுக் கொடுக்க வேண்டும்.

முதலில் கோழிக் கணக்கு. 500 முட்டைக்கோழிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள் குஞ்சாக வாங்கினால் அது முட்டையிடத் தொடங்க 18 முதல் 20 வாரம் ஆகும். அதுவரை வரவு ஒரு காசு இல்லை. தின்பது மட்டும் மூன்றரை டன்னுக்குக் குறையாது. முட்டையிடத் தொடங்கிய பிறகு நாளொன்றுக்கு 57 கிலோ தீவனம், அதாவது மாதத்துக்கு ஒன்றேமுக்கால் டன் அளவு. நூற்றுக்கு எண்பது கோழி முட்டையிட்டால் தினம் 400 முட்டை, பதின்மூன்று தட்டும் சில்லறையும். செலவில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் தீவனத்துக்கே போய்விடும் என்று நாமக்கல்லில் எந்தப் பண்ணைக்காரரும் சொல்வார். எழுபது, எண்பது வாரத்தில் கோழிகளைக் கழித்துவிட்டு மறுபடி குஞ்சு வாங்க வேண்டும். அதற்கான பணத்தை முதல் மாதத்திலிருந்தே எடுத்து வைக்காத பண்ணை இரண்டாவது சுற்றைப் பார்க்காது. நன்கொடையில் எழும்பிய கொட்டகைகள் காலியாகக் கிடப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

உகாண்டாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. பள்ளிப் பிள்ளைகளின் மதியச் சாப்பாடு போஷோ எனும் மக்காச்சோளக் களியும் அவரைவிதைக் குழம்பும்தான். கோழித் தீவனத்தின் பெரும்பகுதியும் அதே மக்காச்சோளம். தீவனத்தில் புரதத்துக்காகச் சேர்ப்பது விக்டோரியா ஏரியின் முக்கேனே என்ற பொடிமீன். ஏழைகளின் குழம்பில் மிதப்பதும் அதுவே. மக்காச்சோளம் விலையேறும் மாதத்தில் காப்பகத்தின் சமையலறையும் கோழிக் கொட்டகையும் ஒரே மூட்டைக்குப் போட்டியிடுகின்றன. அந்த மாதத்தில் யார் வயிற்றைக் குறைப்பது என்பதைப் பண்ணை தொடங்கும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

சந்தை இருக்கிறது, அதில் ஐயமில்லை. சப்பாத்திக்குள் ஆம்லெட்டை வைத்துச் சுருட்டித் தரும் ‘ரோலெக்ஸ்’ கடைகளைக் கம்பாலாவின் தெருக்களில் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் 2017 ஜனவரியில் விக்டோரியா ஏரிக்கரையில் பறவைக் காய்ச்சல் தென்பட்டதும், உகாண்டாவின் கோழிக்கும் முட்டைக்கும் கென்யா கதவடைத்தது. ஒரு காப்பகத்தின் சாப்பாடு முழுவதையும் கோழியின் தலையில் ஏற்றி வைப்பது ஆபத்து.

இத்தனைக்குப் பிறகும் இந்தப் பண்ணைகளை ஏன் ஆதரிக்கிறோம்? காரணம் இரண்டாவது கணக்கில், பிள்ளைக் கணக்கில் இருக்கிறது. உலகெங்கும் காப்பகங்களில் இருக்கும் குழந்தைகளில் ஐந்தில் நால்வருக்காவது தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள் என்று ‘சேவ் தி சில்ட்ரன்’ அமைப்பு 2009-ல் சொன்னது. எய்ட்ஸும் வடக்கே நடந்த போரும் உகாண்டாவில் எண்ணற்ற பெற்றோரைப் பறித்தது உண்மை. அப்படித் தனித்துவிடப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோரைப் பாட்டிகளும் அத்தைகளும்தான் வளர்த்தார்கள். முடியாதவர்கள் காப்பகத்தில் கொண்டுவந்து விட்டார்கள். பிள்ளை மேல் பாசம் இல்லாமல் அல்ல. பள்ளிக் கட்டணம் கட்ட வழியில்லாமல்.

இங்கேதான் நன்கொடையின் கோணல் தெரிகிறது. வெளிநாட்டுப் பணம் பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்று வருகிறது. ஒரு பிள்ளையின் படம், மாதாமாதம் ஒரு தொகை, ஆண்டுக்கொரு கடிதம். அந்தப் பிள்ளை பாட்டியிடம் திரும்பிப் போனால் பணம் நின்றுவிடும். நல்ல மனதோடு காப்பகம் நடத்துபவருக்குக்கூட, பிள்ளையை அனுப்பி வைப்பது நட்டமாகிவிடுகிறது. கெட்ட மனதுள்ளவர் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளை சேர்ப்பார். கம்போடியாவிலும் நேபாளத்திலும் அது நடந்திருக்கிறது. முட்டைப் பணத்துக்கு இந்தக் கோணல் இல்லை. காப்பகத்தில் அறுபது பிள்ளைகள் இருந்தாலும் ஆறு பேர் இருந்தாலும் தட்டு அதே விலைக்குத்தான் போகும். பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவன் பள்ளிக் கட்டணத்தை அங்கேயே கட்டும் சுதந்திரம் அப்போதுதான் காப்பகத்துக்குக் கிடைக்கிறது. பண்ணையின் பெருமை இதுதான். சம்பாதித்ததை வைத்து மேலும் இருபது கட்டில் போடுவதாக இருந்தால், அந்தப் பண்ணை வந்தும் பயனில்லை.

பிள்ளையோடு நாலு கோழியையும் அனுப்பலாம். அதற்கு ஏற்ற கோழியை இந்தியாவே உகாண்டாவுக்குக் கொடுத்திருக்கிறது. வினோத் கபூரின் கெக்ஃபார்ம்ஸ் நிறுவனம் உருவாக்கிய குராய்லர் கோழி 2010 வாக்கில் அங்கே போய்ச் சேர்ந்தது. புறக்கடையில் மேய்ந்து மிச்சம் மீதியைத் தின்றே வளர்ந்து, நாட்டுக்கோழியைப் போல இரண்டு மூன்று மடங்கு முட்டையிடும். அடைகாக்காது, அது ஒரு குறை. குஞ்சை வெளியில்தான் வாங்க வேண்டும். கிராமத்துக் கோழியை ஒரே வாரத்தில் கூண்டோடு சாய்ப்பது ராணிக்கெட் நோய், நம்மூரில் சொல்லும் வெள்ளைக்கழிச்சல். வெப்பத்தைத் தாங்கும் தடுப்பு மருந்து அதற்கு இருக்கிறது. கண்ணில் ஒரு சொட்டு விட்டால் போதும். ஊருக்கு ஒருவரைப் பழக்கி அந்தச் சொட்டைத் தவறாமல் விடச் செய்வது, கோழியைத் தானம் செய்வதைவிடப் பெரிய உதவி. 2016-ல் பில் கேட்ஸ் தருவதாகச் சொன்ன கோழிகளை, நாங்களே கோடிக்கணக்கில் வளர்க்கிறோம் என்று பொலிவியா கோபத்தோடு மறுத்தது. யாருக்கு என்ன தேவை என்று கேட்காமல் கொடுத்தால் அப்படித்தான் ஆகும்.

பிள்ளைகள் பண்ணையில் வேலை செய்யலாமா என்றும் கேட்கிறார்கள். சனிக்கிழமை முட்டை பொறுக்குவது, தவிட்டைக் கலக்குவது எல்லாம் கிராமத்து வீடுகளில் எந்தப் பிள்ளையும் செய்வதுதான், தொழிலும் கைவரும். விடியற்காலையில் அம்மோனியா நெடியடிக்கும் கொட்டகையில் எரு வாரிவிட்டு வகுப்பில் தூங்கி விழுவது வேறு. அதற்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டும். அந்தச் சம்பளம் கட்டுப்படியாகாத பண்ணை லாபத்தில் நடக்கிறது என்று சொல்வது பொய்க்கணக்கு.

காப்பகங்களைப் படிப்படியாகக் குறைத்துக் குடும்பங்களைத் தாங்க வேண்டும் என்று 2019-ல் ஐ.நா. பொதுச்சபையே தீர்மானம் போட்டது. உண்மையிலேயே யாருமில்லாத பிள்ளைகளுக்குச் சிறிய இல்லங்கள் வேண்டும். அவற்றுக்கு நிலையான உள்ளூர் வருமானமும் வேண்டும். ஆகவே கோழிப்பண்ணைக்கு உதவி கேட்டுக் கடிதம் வந்தால், அடுத்த சுற்றுக் குஞ்சுக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறீர்களா என்று கேளுங்கள். போன ஆண்டு எத்தனை பிள்ளைகள் வீடு திரும்பினார்கள் என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் வராத இடத்துக்கு ஒரு குஞ்சுக்குக்கூடப் பணம் அனுப்பாதீர்கள்.