ஏப்ரல் 7க்கு ஒரு பலகை வேண்டும்

தேசிய மரபுடைமைக் கழகத்தின் தலைமை நிர்வாகி அவர்களுக்கு,

பொது விடுமுறை கேட்டு நான் எழுதவில்லை. 1968இல் பட்டியலிலிருந்து போன தைப்பூசமே இன்னும் திரும்பி வரவில்லை. புதிதாக ஒன்றைக் கேட்கும் அளவுக்கு எனக்கு நப்பாசை இல்லை. அடிமைத்தனம் ஒழிந்த நாள் என்று சிங்கப்பூர் எதையாவது நினைவில் வைத்திருக்கிறதா என்று தேடினேன், கிடைக்கவில்லை. அதனால் வந்த கடிதம் இது.

மொரீஷியஸில் இதற்கு இரண்டு விடுமுறைகள். 1835இல் அடிமைமுறை ஒழிந்த பிப்ரவரி 1 ஒன்று. 1834இல் 'அட்லஸ்' கப்பலில் இந்தியக் கூலிகள் வந்திறங்கிய நவம்பர் 2 மற்றொன்று. அடிமைகளுக்குப் பதிலாகக் கரும்புத் தோட்டத்துக்கு யாரைக் கொண்டுவந்தார்கள் என்பதையும் அந்த நாடு மறைக்கவில்லை. டிரினிடாட் ஆகஸ்ட் 1ஐக் கொண்டாடுகிறது. அமெரிக்கா 2021இல்தான் ஜூன் 19ஐ நாடு முழுவதற்குமான விடுமுறையாக்கியது.

அந்த ஆகஸ்ட் 1 நமக்கு வரவில்லை. அந்த நாளைத் தந்தது லண்டன் நாடாளுமன்றம் 1833இல் இயற்றிய ஒழிப்புச் சட்டம்; அது கிழக்கிந்தியக் கம்பெனியின் பகுதிகளை விட்டுவிட்டது. சிங்கப்பூர் அப்போது கம்பெனியின் கையில் இருந்தது. அதற்கு முன்பே, 1823இல், ராஃபிள்ஸ் இங்கே அடிமை வணிகத்தைத் தடைசெய்து ஒழுங்குவிதி போட்டார் என்பது உண்மை. தடை போடும் அளவுக்கு வணிகம் நடந்தது என்பதும் உண்மை. பூகிஸ் படகுகளில் வந்த ஆண்களையும் பெண்களையும் விற்றதை முன்ஷி அப்துல்லா தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். நாகூர்த் தமிழ்ப் பெண்ணின் வழிவந்தவர், தமிழ் கற்றவர். அந்தச் சந்தைக்கு நம்மவர் ஒருவரே சாட்சி.

ராஃபிள்ஸின் விதியை மட்டும் நினைவுகூர்ந்தால் கதை அவர் சிலையோடு நின்றுவிடும். 1825இல் பென்கூலனிலிருந்து மதராஸ் கைதிகள் இங்கே வந்து சேர்ந்தார்கள். பின்னால் வங்காளத்தவரும் வந்தார்கள். 1873 வரை இந்தியக் கைதிகளின் கைகள்தான் சாலை போட்டன. சிராங்கூன் சாலைச் சூளைகளில் செங்கல் சுட்டன. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும் அவர்கள்தான் எழுப்பினார்கள். அதன் உட்சுவரில் முட்டை வெள்ளையும் சர்க்கரையும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புச் சாந்து பூசப்பட்டது. நம் ஊர்க் கொத்தனாரின் கைப்பக்குவம் அது. கைதி அடிமையல்லர்தான். ஆனால் கூலியில்லாத உழைப்பு எந்தப் பெயரில் வந்தாலும் கணக்கில் ஏற வேண்டும்.

இனி, நான் கேட்கும் நாள். 1843 ஏப்ரல் 7இல் கம்பெனி அரசு ஐந்தாம் எண் சட்டத்தை இயற்றியது. அதில் முழக்கம் ஏதும் இல்லை. 'இன்று முதல் நீங்கள் சுதந்திரர்' என்று எவரையும் பார்த்து அது சொல்லவும் இல்லை. ஒருவனை அடிமை என்று உரிமை கொண்டாடி வரும் எசமானுக்கு நீதிமன்றமும் அதிகாரியும் துணை போகக்கூடாது என்பதே அதன் சாரம். மத்தளம் கொட்ட ஒன்றுமில்லாததால்தானோ என்னவோ யாரும் கொட்டவில்லை. ஆனால் அந்த ஒரே சட்டம் தஞ்சாவூர் வயலில் பரம்பரை பரம்பரையாகக் கட்டுண்டு கிடந்த பறையர், பள்ளர் குடும்பங்களுக்கும் பொருந்தியது, சிங்கப்பூரில் யாரோ வீட்டில் ஏவலுக்கு நின்றவர்களுக்கும் பொருந்தியது. கடலின் இரு கரையையும் தொட்ட இன்னொரு விடுதலைத் தேதி எனக்குத் தெரியவில்லை.

சட்டம் வந்தும் பண்ணையாள் பண்ணையாளாகவே இருந்தான். கடன் விடவில்லை. பிறகு மலாயாத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களில் அவர்களும் இருந்தார்கள். அங்கே இந்தியர்களின் ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிந்தது. கங்காணி வழி ஆளெடுப்பு 1938இல் இந்திய அரசு தடைபோடும்வரை நடந்தது. பயணச் செலவென்று முன்பணம் தந்து ஆளைக் கடனில் இறக்குவதே இவற்றின் சூட்சுமம். இன்றும், ஞாயிறன்று தேக்காவில் நிற்கும் வெளிநாட்டுத் தொழிலாளித் தம்பியிடம் ஏஜெண்டுக்கு எவ்வளவு கட்டினாய் என்று கேட்டுப்பாருங்கள். இங்குள்ள ஏஜென்சி வாங்கும் கட்டணத்துக்குச் சட்டத்தில் உச்சவரம்பு இருக்கிறது. ஊரில் இருப்பவர் வாங்குவதற்கு அந்தச் சட்டத்தின் கை நீளாது. இதைச் சரிசெய்வது உங்கள் கழகத்தின் வேலையல்ல, மனிதவள அமைச்சின் வேலை. ஆனால் கடன் எவ்வளவு பழைய கயிறு என்று காட்டுவது உங்கள் வேலை.

கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறது. அதன் வாசலருகே ஒரு பலகை வையுங்கள். 1823, 1843, 1873, 1910, 1938 என்று ஆண்டுகளையும் ஒவ்வொன்றும் யாரை விடுவித்தது, யாரை விடுவிக்கவில்லை என்பதையும் எழுதுங்கள். ஏப்ரல் 7 அன்று அங்கிருந்து சிராங்கூன் சாலை வழியே ஒரு மரபுடைமை நடை நடத்துங்கள். அது வேலைநாளில் வந்தால் அடுத்த ஞாயிற்றுக்குத் தள்ளிவையுங்கள். வரவேண்டியவர்களுக்கு அன்றுதான் ஓய்வு. பலகையில் நான்கு அதிகாரத்துவ மொழிகளோடு வங்காளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மாலை அந்தத் தெருவில் நடப்பவர்களில் பலர் அதைத்தான் படிப்பார்கள்.

இப்படிக்கு,
லிட்டில் இந்தியாவுக்கு வாராவாரம் காய்கறி வாங்க வரும் ஒரு குடிமகன்