கோட்டைக்கு வில்லங்கம் வேணும்

மதுரையைப் பத்திப் பதிவு எழுதுற நம்ம மக்களை ரெண்டு கட்சியாப் பிரிச்சிடலாம். முதல் கட்சி, "வெள்ளைக்காரன் எங்க கோட்டையை இடிச்சுட்டான்"னு ஒப்பாரி வைக்கிற கட்சி. ரெண்டாவது, "கலெக்டர் பிளாக்பர்ன் மட்டும் இல்லேன்னா மதுரை மூச்சு முட்டிச் செத்திருக்கும்"னு விளக்குத்தூணுக்கு மாலை போடுற கட்சி. ரெண்டு கட்சியும் ஒரே பதிவைத்தான் வேற வேற படம் போட்டு எழுதிக்கிட்டு இருக்கு. நான் மூணாவதா ஒண்ணு ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். உறுப்பினர் இப்போதைக்கு நான் மட்டும்தான் :)

கொள்கை ரொம்ப சிம்பிள். பழைய கோட்டையை, அரண்மனையை விக்கிறதுல தப்பே இல்லை. என்ன நிபந்தனை போட்டு விக்கிறோம்ங்கிறதுலதான் அம்புட்டும் இருக்கு.

சண்டைக்கு வர்றதுக்கு முன்னாடி நடந்த கதையை ஒரு தடவை பார்த்துடுவோம்.

16ஆம் நூற்றாண்டுல விசுவநாத நாயக்கர் பழைய பாண்டியர் கோட்டையைத் தள்ளிட்டு, ஊரைச் சுத்திப் பெருசா ஒரு கோட்டை கட்டினார். ரெட்டை மதில், அகழி, நாலு பக்கமும் வாசல், 72 கொத்தளம். கொத்தளத்துக்கு ஒரு பாளையக்காரர் காவல்ங்கிறது காலங்காலமா சொல்லிட்டு வர்ற கணக்கு. 1763லயும் 1764லயும் கம்பெனிப் படை மருதநாயகத்தைப் பிடிக்க இந்தக் கோட்டையைத்தான் முற்றுகை போட்டுச்சு. பீரங்கி வச்சு அடிச்சும் உள்ளே நுழைய முடியல. கடைசியில கூட இருந்தவங்களே காட்டிக் கொடுத்துதான் ஆள் சிக்கினார்.

அப்பேர்ப்பட்ட கோட்டை 1830களோட கடைசியிலயும் 1840கள்லயும் காணாமப் போச்சு. சண்டை போட்டுப் போகல. ஊருக்குள்ள ஜனம் நெருக்கியடிச்சுக்கிட்டு இருந்துச்சு, அகழியில தண்ணி தேங்கி நாறுச்சு. பிளாக்பர்ன் ஒரு யோசனை பண்ணினார். மதிலை இடிச்சு அகழியைத் தூர்க்கிறவனுக்கு அந்த இடத்தைக் கொடுத்துடுறதுன்னு அறிவிச்சார். அவ்வளவுதான். பீரங்கியால ஆகாதது மண்வெட்டியாலயும் கடப்பாறையாலயும் ஆயிருச்சு. இடிச்ச கை யாரோடது? நம்ம ஊர்க்காரங்களோடதுதான். வேலையை மேல இருந்து பார்த்துக்கிட்ட மாரட் பேர்லயும் பெருமாள் மேஸ்திரி பேர்லயும் வீதிகள் வந்துச்சு, வெளிவீதிகள் வந்துச்சு. ஊர்க்காரங்க நன்றிக்கடனா பிளாக்பர்னுக்கு ஒரு விளக்குத்தூணும் வச்சாங்க. இன்னிக்கு நாம கீழமாரட் வீதியில நின்னு ஜிகர்தண்டா குடிக்கிறதும், மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில லாட்ஜ் தேடுறதும் அந்தக் கோட்டை போன கணக்குலதான்.

இதை "இடிப்பு"ன்னு மட்டும் பார்த்தா ஒப்பாரிதான் வரும். நான் இதை ஒரு கிரயமாப் பார்க்கிறேன். காசு கைமாறல, ஆனா விலை இருந்துச்சு: இடிக்கிற உழைப்பு. நிபந்தனையும் இருந்துச்சு: இடிச்சே ஆகணும். அந்த நிபந்தனையை மதுரை எம்புட்டு ஒழுங்கா நிறைவேத்துச்சுன்னு பாருங்க. நான் இருக்கிறது அவனியாபுரம். இங்கிருந்து டவுனுக்குப் போற பஸ் வில்லாபுரம் தாண்டி தெற்குவாசல்ல நிக்கும். எறங்கிப் பாருங்க, வாசல் இருக்காது. கீழவாசல்லயும் வாசல் கிடையாது. மேலவாசல் பக்கம், பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கிட்ட, கொத்தளத்தோட ஒரு துண்டு மட்டும் மிச்சம் இருக்கு. மத்தபடி பேருதான் மிச்சம். மத்த ஊரெல்லாம் பேச்சுக்குத்தான் கோட்டை விடும். மதுரை நெசமாவே கோட்டையை விட்ட ஊரு.

ஆக, நம்ம ஜனம் நிபந்தனையை மதிக்காதுங்கிற வாதம் அடிபட்டுப் போச்சு. "இடிச்சா இடம் உனக்கு"ன்னதும் ஒரு நகரமே மதிலை இடிச்சுக் காட்டுச்சு. "நாலு வாசலையும் நாலு கொத்தளத்தையும் விட்டுட்டு மிச்சத்தை இடிச்சுக்கோ"ன்னு ஒரே ஒரு வரி கூடச் சேர்த்திருந்தா அதையும் செஞ்சிருக்கும். அகழி தூர்ந்திருக்கும், வீதி வந்திருக்கும், தெற்குவாசல்ல வாசலும் இருந்திருக்கும். ரெண்டு கட்சியும் கோட்டை விட்ட இடம் இந்த ஒரு வரிதான். நகரம் விரியணுமா, கோட்டை நிக்கணுமான்னு சண்டை போடுறாங்க. ரெண்டுக்கும் இடம் இருந்துச்சுய்யா!

அதே 1840கள்ல தமிழ்நாட்டுல இன்னொரு கோட்டையும் கைமாறுச்சு. இது ரொக்கத்துக்கு. 1620ல டேனிஷ்காரங்க தஞ்சாவூர் நாயக்கர்கிட்ட அனுமதி வாங்கித் தரங்கம்பாடியில கட்டின டேன்ஸ்போர்க் கோட்டை. 1845ல டென்மார்க், தரங்கம்பாடியையும் வங்காளத்துல இருக்கிற செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்குக் கம்பெனிக்கு வித்துட்டுக் கப்பல் ஏறிருச்சு. ஊரு, கோட்டை, வீதி எல்லாம் சேர்த்து. இதைவிடப் பச்சையான விற்பனை இருக்க முடியாது. ஆனா அந்தக் கோட்டை இன்னிக்கும் கடலைப் பார்த்துக்கிட்டு நிக்குது. ரொம்ப நாள் பயணியர் விடுதியா இருந்துச்சு, இப்ப உள்ளே அருங்காட்சியகம் இருக்கு.

விலைக்கு வித்தது நிக்குது, சும்மா கொடுத்தது போச்சு. ஏன்? தரங்கம்பாடிக்காரங்க புண்ணியவான்கள், மதுரைக்காரங்க பாவிங்கன்னா? அதெல்லாம் இல்லை. ரயிலு நாகப்பட்டினத்துக்குப் போச்சு, தரங்கம்பாடி துறைமுகம் படுத்துருச்சு, கோட்டை நிக்கிற இடத்துக்குப் போட்டி போட ஆள் இல்லை. மதுரையில மனைக்கு எப்பவும் அடிதடி. சுருக்கமாச் சொன்னா, மண்ணுக்கு விலை இல்லாத ஊர்ல பழைய கட்டடம் தானாத் தப்பிச்சிடும். மண்ணுக்கு விலை இருக்கிற ஊர்ல நிபந்தனை இருந்தாத்தான் தப்பிக்கும். மதுரை ரெண்டாவது வகை. எங்க அவனியாபுரம் 2011ல மாநகராட்சியில சேர்ந்த ஊரு. ஏர்போர்ட் ரோட்டுல ரெண்டு பக்கமும் மனை விளம்பரத்தைப் பார்த்தாலே தெரியும், இந்த ஊர்ல எது எதோட போட்டி போடுதுன்னு.

இப்ப ரெண்டு மறுப்பு வரும். வரிசையா எடுத்துக்குவோம்.

முதல் மறுப்பு: "பரம்பரைச் சொத்தை விக்கவே கூடாது, வாரிசுதான் காப்பாத்தணும்."

அப்படியா? திருமலை நாயக்கர் மகாலை முதல்ல பிரிச்சது யாரு? வெள்ளைக்காரன் இல்லை, துலுக்கப் படை இல்லை. அவரோட சொந்தப் பேரன் சொக்கநாத நாயக்கர். தலைநகரைத் திருச்சிக்கு மாத்தினப்ப இங்கிருந்து கழட்டி அங்கே கொண்டு போனார். நாம இன்னிக்கு டிக்கெட் வாங்கிப் பார்க்கிற மகால், கட்டினதுல கால்வாசிதான்னு சொல்றாங்க. மகாலோட இன்னொரு பகுதியில மிஞ்சினது பத்துத்தூண். அது ஜவுளிக்கடைகளுக்கு நடுவுல ஒரு சந்துக்குள்ள நிக்குது. மிச்சம் இருக்கிற கால்வாசி தப்பிச்சது எப்படி? 1866ல இருந்து 1872 வரைக்கும் கவர்னரா இருந்த நேப்பியர் பிரபு பழுது பார்க்கச் சொன்னதாலயும், அதுக்குள்ள கோர்ட் நடந்ததாலயும். ரத்த சொந்தம் காப்பாத்தல. ஒரு பயன் இருந்துச்சு, செலவு பண்ண ஒரு கை இருந்துச்சு. அதுதான் காப்பாத்துச்சு.

செட்டிநாட்டுக்குப் போங்க. ஒரு வீட்டுக்குப் பங்காளிங்க முப்பது பேர். ஒருத்தர் சிங்கப்பூர், ஒருத்தர் சென்னை, ஒருத்தர் யாருன்னே தெரியாது. மழைக்கு ஓடு சரியும், மாத்த எல்லாரும் கையெழுத்துப் போடணும், போட மாட்டாங்க. கடைசியில பர்மாத் தேக்குத் தூணும் நிலைக்கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைக்கு வந்து சேருது. நாம அங்கே போய் "அடடா என்ன வேலைப்பாடு"ன்னு படம் எடுத்துப் பதிவு போடுறோம். அந்தக் குடும்பத்தைத் திட்டுறது சுலபம். வருஷா வருஷம் ஓடு மாத்துற செலவுல உங்க பங்கு எவ்வளவுண்ணே? முழு வீடா, நல்ல விலைக்கு, "தூணைக் கழட்டக்கூடாது"ங்கிற நிபந்தனையோட ஒருத்தர்கிட்ட வித்திருந்தா வீடு நின்னிருக்கும். ஓட்டலா மாறி நிக்கிற வீடுகளும் அங்கேயேதான் இருக்கு. தூண் தூணாப் பிரிச்சு விக்கிறதுதான் சாவு.

ரெண்டாவது மறுப்பு: "எல்லாத்தையும் அரசாங்கமே எடுத்துக்கணும்."

எந்த அரசாங்கம்? மேலூர் பக்கம் அரிட்டாபட்டி. தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் சமணர் படுக்கையும் பாண்டியர் குடைவரையும் இருக்கிற மலை. 2022 நவம்பர்ல தமிழக அரசு இதைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமா அறிவிச்சுச்சு. சரியா ரெண்டு வருஷம், 2024 நவம்பர்ல மத்திய அரசு அதையும் உள்ளடக்கி 2,000 ஹெக்டேருக்கு மேல டங்ஸ்டன் ஏலம் விட்டு முடிச்சுருச்சு. ஒரு அரசாங்கம் பாரம்பரியம்னு போர்டு வச்ச இடத்தை இன்னொரு அரசாங்கம் ஏலப் பட்டியல்ல வைக்குது! டிசம்பர்ல சட்டமன்றத் தீர்மானம், ஜனவரியில ஜனங்க மதுரைக்குள்ள நடந்தே வந்தாங்க, 2025 ஜனவரி 23ஆம் தேதி ஏலம் ரத்தாச்சு. சந்தோஷம். ஆனா ஒவ்வொரு மலைக்கும் ஒவ்வொரு மதிலுக்கும் பல்லாயிரம் பேர் நடக்க முடியுமா? பிளாக்பர்ன் மட்டும் என்ன, அவரும் அரசாங்கம்தானே?

ஆகவே தனியார் நல்லவன், அரசாங்கம் கெட்டவன்னோ, இல்லை உல்டாவாவோ நான் சொல்லல. கை யாரோடதா இருந்தாலும் கயிறு ஒண்ணு வேணும்ங்கிறேன்.

வெளிநாட்டுல பாருங்க. பிரிட்டன்ல இடைக்காலக் கோட்டை இடிபாட்டோட பண்ணை நிலம் விற்பனைக்கு வரும். வித்தா விக்கட்டும்னு ஊரு சும்மா இருக்கும். காரணம், அங்கே 1979 சட்டப்படி அந்த இடிபாடு பட்டியல்ல ஏறியிருந்தா, யாரு வாங்கினாலும் முன் அனுமதி இல்லாம ஒரு கல்லை நகட்ட முடியாது. மீறினா குற்ற வழக்கு. பட்டியல் பொதுவுல இருக்கு, வாங்குறவன் முன்னாடியே பார்த்துட்டுத்தான் வாங்குறான். பராமரிச்சே தீரணும்னு அந்தச் சட்டம் கட்டாயப்படுத்தாதுங்கிற ஓட்டை அங்கேயும் உண்டு. ஆனா இடிக்கிற வழி அடைச்சிருக்கு.

நம்மகிட்ட சட்டம் இல்லையா? இருக்கு. 1958 பழஞ்சின்னங்கள் சட்டத்துல 6ஆவது பிரிவை எடுத்துப் படிங்க. சின்னத்தோட உரிமையாளர்கிட்ட அரசு ஒப்பந்தம் போடலாம். இடிக்கக்கூடாது, மாத்தக்கூடாதுன்னு எழுதலாம். விக்கிறதா இருந்தா அரசுக்கு முன்கூட்டியே தகவல் சொல்லணும், சந்தை விலைக்கு வாங்குற உரிமை அரசுக்கு உண்டுன்னும் எழுதலாம். உரிமையாளர் மாறினாலும் ஒப்பந்தம் புது ஆளைக் கட்டும். நான் கேக்குறது அத்தனையும் அதுல இருக்கு! பிரச்சினை என்னன்னா, அது தேசிய முக்கியத்துவம்னு அறிவிச்ச சின்னங்களுக்கு மட்டும்தான். நாடு முழுக்கவே 3,600 சொச்சம். நம்ம ஜமீன் அரண்மனை, செட்டிநாட்டு வீடு, பேரில்லாத மதில் துண்டு பெரும்பாலும் அந்தப் பட்டியல்லயே வராது. இதுக்குன்னு தமிழ்நாட்டுல 2012ல மரபு ஆணையச் சட்டம் நிறைவேத்தினாங்க. அது பத்து வருஷத்துக்கு மேல அமலுக்கு வராமலே தூங்குச்சு.

என்ன செய்யலாம்? நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நம்ம ஊர்ல நிலம் வாங்குற எவனும் தொல்லியல் பட்டியலைப் பார்க்க மாட்டான். வில்லங்கச் சான்றிதழைப் பார்க்காம இருக்க மாட்டான். பழைய கட்டடத்தை அங்கே ஏத்துங்க. இந்தச் சர்வே நம்பர்ல இன்ன மதில், இன்ன வாசல் இருக்கு, இதை இடிக்க அனுமதி வேணும்னு வில்லங்கத்துலயே வரட்டும். அளந்து, படம் எடுத்து, வரைபடத்தோட. கூடவே அதைக் காப்பாத்துறவனுக்குச் சொத்து வரியில தள்ளுபடி கொடுங்க. விக்கிறவன் தாராளமா விக்கட்டும், வாங்குறவன் ஓட்டல் நடத்தட்டும், கல்யாண மண்டபம் நடத்தட்டும். மதில் நிக்கும்.

"வில்லங்கம் இருந்தா விலை குறையுமே"ம்பீங்க. ஆமா, குறையும். குறையணும். இடிச்சுப் பிளாட் போடுறவன் கொடுக்கிற விலைக்கும், வச்சுக் காப்பாத்துறவன் கொடுக்கிற விலைக்கும் இடையில இருக்கிற வித்தியாசம்தான் அந்தக் கட்டடத்தோட உயிர் விலை. அதை முழுக்க உரிமையாளர் தலையில கட்டுறது அநியாயம்ங்கிறதையும் ஒத்துக்கிறேன். அதனாலதான் வரித் தள்ளுபடி கேக்குறேன். ஊருக்குப் பெருமை வேணும்னா ஊரும் பங்கு போடணும்.

பதிவர்களுக்கு ஒரு வேலை சொல்றேன். அடுத்த தடவை உங்க ஊர் அரண்மனையையோ கோட்டையையோ பத்தி எழுதுறப்ப ராஜா கதையோட நிறுத்தாதீங்க. அது எந்தத் தெருவுல இருக்கு, எத்தனை சுவர் நிக்குது, எந்தப் பட்டியல்லயாவது ஏறியிருக்கான்னு பார்த்து எழுதுங்க. இடிஞ்சப்புறம் எழுதுற இரங்கல் பதிவு நூறு இருக்கு. நிக்கிறப்ப எழுதுற கணக்குப் பதிவு பத்து கூடத் தேறாது.

டிஸ்கி: பிளாக்பர்ன் கட்சிக்காரங்களும் ஒப்பாரிக் கட்சிக்காரங்களும் சேர்ந்து வந்து கும்மலாம். அவனியாபுரத்துக்கு ஆட்டோ அனுப்புறவங்க தெற்குவாசல் வழியா வரச் சொல்லுங்க. வாசல் எங்கேன்னு டிரைவர்கிட்ட கேட்டுட்டு வாங்க :)