வருக என்று சொன்னால் மட்டும் போதுமா?

பிறந்த மண்ணையும் பெற்றோரையும் பிரிந்து, மொழி தெரியாத நாட்டில் இறைப்பணி ஆற்றித் திரும்பும் ஓர் இளம் குருவையோ கன்னியரையோ வரவேற்பது ஒரு பங்கிற்குக் கிடைக்கும் பெரும் பேறு. அந்நாளில் கோயில் வாசலில் தோரணம் ஆடும். பேண்டு வாத்தியம் முழங்கும். மாலையும் பொன்னாடையும் குவியும். இவையெல்லாம் வேண்டியவையே. உள்ளத்து அன்பை வெளியே காட்டுவதில் தவறில்லை. ஆனால் தோழியரே, நம் கடமை அத்துடன் முடிந்துவிடுகிறதா?

எங்கள் பங்கிலிருந்து தான்சானியா சென்ற ஓர் இளம் சகோதரி, ஐந்து ஆண்டுகள் கழித்து விடுமுறையில் வந்திருந்தார். பாராட்டு விழா இரண்டு மணி நேரம் நடந்தது. ஏழு பேர் பேசினார்கள். சகோதரியின் ஏற்புரைக்குக் கடைசியில் ஐந்து நிமிடமே மிஞ்சியது. விழா முடிந்ததும் அவரைச் சூழ்ந்துகொண்டவர்கள், "ஏன் சிஸ்டர் இப்படி இளைத்துக் கருத்துவிட்டீர்கள்?", "அங்கே சோறு கிடைக்குமா?", "சிங்கத்தைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார்கள். அவரும் சிரித்த முகத்துடன் பதில் சொன்னார். ஆனால், அவர் ஐந்து ஆண்டுகள் பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளில் ஒருவரின் பெயரைக்கூட யாரும் கேட்கவில்லை.

இயேசு தம் சீடர்களை இருவர் இருவராக அனுப்பினார். அவர்கள் திரும்பி வந்தபோது, தாங்கள் செய்தவை, கற்பித்தவை அனைத்தையும் அவரிடம் சொன்னார்கள் என்று மாற்கு நற்செய்தி கூறுகிறது. ஆண்டவர் அவர்களைத் தனிமையான ஓர் இடத்திற்குச் சென்று சற்று ஓய்வெடுக்கச் சொன்னார். அவர் மாலை போடவில்லை. செவிகொடுத்தார், ஓய்வு கொடுத்தார். நம் விழாக்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இந்த இரண்டுமே.

வீடு திரும்புவது எளிது என்று நாம் நினைக்கிறோம். நம் புனித அருளானந்தரின் வரலாற்றைப் பாருங்கள். 1647-இல் லிஸ்பன் நகரில் பிறந்த அவர், 1673-இல் இருபத்தாறு வயது இளைஞராக இந்தியாவிற்குப் புறப்பட்டார். தமிழ் கற்று, பண்டாரசாமிகளைப் போல் உடுத்தி, மறவ நாட்டில் உழைத்தார். 1686-இல் சிறையும் சித்திரவதையும் கண்டார். அதன்பின் சபை அலுவலாகத் தாய்நாடு அனுப்பப்பட்டபோது, அவருடைய இளமைத் தோழரான இரண்டாம் பேதுரு அங்கே அரசராக இருந்தார். அரண்மனையே அவரை அன்புடன் வரவேற்றது. லிஸ்பனிலேயே தங்கிவிட வேண்டும் என அரசர் விரும்பினார். ஆனால் அருளானந்தரின் உள்ளம் தமிழ் மண்ணில் இருந்தது. 1690-இல் மீண்டும் கப்பலேறினார். 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் தம் இரத்தத்தைச் சிந்தினார். அரசருக்கு அன்பு குறைவில்லை. எனினும், திரும்பி வந்தவரின் இதயம் எந்த மக்களிடம் இருக்கிறது என்று கேட்டறியாமல், அவரைத் தன்னிடமே வைத்துக்கொள்ள அந்த அன்பு விரும்பியது.

நம் காலத்திலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இயேசு சபைக் குருவான அருட்தந்தை அலெக்சிஸ் பிரேம்குமார் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர். ஆப்கானிஸ்தானில் அகதிகளுக்குப் பணியாற்றியபோது, 2014 ஜூன் 2-ஆம் நாள் கடத்தப்பட்டார். எட்டு மாதங்களுக்கு மேல் சிறைப்பட்டிருந்து, 2015 பிப்ரவரி 22-இல் விடுதலையடைந்தார். அவர் உயிருடன் திரும்பியதற்காக நாடே மகிழ்ந்தது. அத்தகைய துன்பம் தாங்கி வருபவருக்கு மேளதாளத்தைவிட அமைதியும் உறவினரின் அருகிருப்புமே முதல் மருந்தாகும் என்பது என் எண்ணம்.

"உள்ளூரில் உழைக்கும் சிஸ்டர்களுக்கு இல்லாத சிறப்பு, வெளிநாடு போய் வந்தவருக்கு மட்டும் ஏன்?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். வெளிநாடு சென்றதற்கான பரிசாக மட்டும் வரவேற்பைக் கருதினால் அது வீண் ஆடம்பரமே. ஆனால் அவர்கள் வெறுங்கையுடன் வருவதில்லை; ஒரு மக்களினத்தின் பாட்டையும் பசியையும் நம்பிக்கையையும் சுமந்து வருகிறார்கள். அந்தச் சுமையை நாம் பகிர்ந்துகொள்ள வேண்டும். அதற்காகவே வரவேற்பு.

ஆகவே என் கருத்துகள் இவை. பேச்சாளர்களைக் குறைத்து, வந்தவருக்கு ஒரு மணி நேரம் கொடுப்போம். வகுப்பறையில் உலகப் படத்தை மாட்டி, அவர் பணியாற்றிய ஊரைக் காட்டச் சொல்வோம். அவருடைய விடுமுறை முழுவதையும் விழாக்களால் நிரப்பாமல், வயதான தாய் தந்தையரோடு இருக்க அவரை விட்டுவிடுவோம். அவர் தொண்டாற்றும் மக்களைப் பரிதாபத்திற்குரியவர்களாக மட்டும் எண்ணாமல், நமக்கும் கற்றுத்தர வல்ல சகோதர சகோதரிகளாக எண்ணுவோம். அவர் திரும்பிச் சென்றபின் கடிதம் எழுதுவோம். வரவேற்ற நாளில் கூடிய கூட்டத்தில் பத்துப் பேராவது மறு ஆண்டும் அவரை நினைத்துச் செபித்தால், அதுவே வாடாத மாலை.

தான்சானியாவில் பேசப்படும் சுவாஹிலி மொழியில் 'கரிபு' என்றால் 'வருக' என்று பொருள். 'அருகில்' என்றும் அதற்குப் பொருள் உண்டாம். எவ்வளவு அழகான சொல்! வருக என்று அழைப்பவர் அருகில் அமர்ந்து கேட்கவும் வேண்டும் அல்லவா?

தோழியரே, நாளை நம்மில் ஒருத்திக்கும் ஆண்டவரின் அழைப்பு வரலாம். தொலைதூரம் சென்று, ஒருநாள் இதே வாசலில் அவள் வந்து நிற்கலாம். அன்று அவளுக்குச் சொல்ல ஆயிரம் கதைகள் இருக்கும். பொறுமையோடு அவற்றைக் கேட்கும் செவிகளை இன்றே நாம் பழக்கிக்கொள்வோம்.