ஒரு தொண்டை... ரெண்டு மேடை!

சாரத்துப் பசங்க கிழக்குக் கடற்கரைச் சாலை வழியா நாகப்பட்டினம் பஸ் ஏறினா, காரைக்கால் தாண்டினதும் நாகூர் வந்துடும். தர்கா மினாராவைத் தூரத்துல பார்த்ததுமே சிலர் வாய் தானா ஒரு பாட்டை முணுமுணுக்கும்... 'இறைவனிடம் கையேந்துங்கள்'!

பாடியவர் நாகூர் இ.எம்.ஹனிபா. 1919 டிசம்பர் 25-ல் பிறந்தவர். முறையா சங்கீதம் படிச்சவர் இல்லை. ஆனா உச்சஸ்தாயியில அவர் குரல் எடுத்தா, பந்தலின் கடைசி வரிசையில டீ குடிக்கிறவரும் கிளாஸைக் கீழே வெச்சுடுவார். 'இசைமுரசு'ன்னு பட்டம் சும்மாவா வந்தது?

இங்கேதான் மேட்டரே இருக்கு, நண்பர்களே. இஸ்லாமிய மேடையில நபிகள் புகழ் பாடிய அதே தொண்டை, திராவிட இயக்க மேடையிலும் முழங்கியது. கடவுள் மறுப்பு பேசும் ஆட்கள் நிறைஞ்ச கூட்டத்துல, அஞ்சு வேளை தொழுகிற மார்க்கத்துக்காரர்! 'அழைக்கின்றார் அண்ணா' பாட்டு ஊர் ஊரா கூட்டம் சேர்த்தது. ரெண்டு பக்கமும் ஆளாளுக்குப் புருவம் உயர்த்த வாய்ப்பு இருந்தது. அவர் எதையும் விடலை. நம்பிக்கைக்காகக் கட்சியையும் விடலை, கட்சிக்காக நம்பிக்கையையும் விடலை.

இதுக்காகப் பெரிய நாற்காலி கிடைச்சதான்னு கேட்டா... சட்டமன்றத் தேர்தல்ல நின்னார், ஜெயிக்கலை. மேலவை உறுப்பினர், வக்பு வாரியத் தலைவர் பதவிகள் வந்தன. மத்தபடி வாழ்நாள் முழுக்க அவர் பாடகர்தான். சிங்கப்பூர், மலேசியா, இலங்கைன்னு தமிழர் இருக்கும் இடமெல்லாம் மேடை.

சினிமாவும் கூப்பிட்டது. 'பாவ மன்னிப்பு' (1961) படத்துல டி.எம்.எஸ்.ஸோடு சேர்ந்து பாடினார். எழுபது வயசைத் தாண்டின பிறகு, 'செம்பருத்தி' (1992) படத்துல இளையராஜா இசையிலும் அந்தக் குரல் கேட்டது.

2015 ஏப்ரல் 8-ல் சென்னையில் காலமானார். வயசு 95.

'நீ இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?'ன்னு காலேஜ்ல யாராவது உங்களைக் கட்டம் கட்டுறாங்களா? இன்னிக்கு ராத்திரி ஹெட்போனை மாட்டுங்க. முதல்ல ஒரு பக்திப் பாட்டு, அடுத்து ஒரு கட்சிப் பாட்டு. வார்த்தைதான் மாறும், ஆள் மாறலைன்னு உங்க காதே சொல்லும்!