இருட்டில் ஆடினால் அது கோல்ஃப் இல்லையா?

"கோல்ஃப் பணக்காரன் ஆட்டம், பி.காம் படிக்கிற உனக்கு எதுக்குடா?" என்று கேட்கப்போகும் வகுப்புத் தோழர்களே, முழுசாகப் படித்துவிட்டுத் திட்டவும் :-)

விஷயம் இதுதான். வெளிநாடுகளில் ராத்திரியில் ஒளிரும் பந்து வைத்து கோல்ஃப் ஆடுகிறார்கள். பந்துக்குள் எல்ஈடி. கொடிக்கம்பத்தில் ஒளிக்குச்சி. ஆடுபவர் கையில் ஒளிரும் வளையம். மற்றபடி கும்மிருட்டு. "இதெல்லாம் கோல்ஃபா? குழந்தைகள் பார்ட்டி" என்று முகம் சுளிக்கிறது ஒரு கூட்டம். என் சண்டை அவர்களோடுதான்.

பாரம்பரியம் பேசுகிறீர்களா? பேசலாமே. 1876-ல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தை நிலா வெளிச்சத்தில் 100 அடிகளுக்குள் முடிப்பேன் என்று டேவிட் ஸ்ட்ராத் பந்தயம் கட்டினார். 95-ல் முடித்தார், ஒரு பந்துகூடத் தொலையவில்லை என்று கோல்ஃப்காரர்களே பெருமையாகச் சொல்வார்கள். அவர் செய்தால் வீரம், இன்று ஒரு குமாஸ்தா செய்தால் கோமாளித்தனமா?

அடுத்தது இன்னும் வேடிக்கை. துபாய் எமிரேட்ஸ் கிளப்பில் 18 குழி மைதானம் ஒன்றுக்கே ராட்சத விளக்கு போட்டு ராத்திரியில் ஆடுகிறார்கள். அது கோல்ஃபாம்! ஆக, ஊர் முழுக்க வெளிச்சம் போட்டால் கௌரவம், பந்துக்குள் மட்டும் போட்டால் கேவலம். அந்த ராட்சத விளக்குகளைச் சுற்றிச் சுற்றியே பூச்சிகள் சாகின்றன. கரண்ட் பில்லோ கடைசியில் ஆடுபவன் தலையில்தான் விடியும். ஒளிரும் பந்துக்கு இந்த இரண்டு தொல்லையும் கிடையாது.

இப்போது நம்ம சப்ஜெக்ட்டுக்கு வருவோம். புல், தண்ணீர், நிலம் எல்லாம் ஃபிக்சட் காஸ்ட். ஆள் ஆடினாலும் ஆடாவிட்டாலும் செலவு செலவுதான். சிங்கப்பூரில் வருஷம் பூராவும் ஏழு மணி வாக்கில் இருட்டிவிடும். ஆறு மணிக்கு ஆபீஸ் விட்டு வருபவன் எப்போது ஆடுவான்? காசு மட்டுமல்ல, பகல் நேரமும் உள்ளவனுக்குத்தான் கோல்ஃப் என்று ஆகிவிட்டது. அங்கே விளக்கு போட்ட பொது மைதானமாக இருந்த மரினா பேயும் 2024 ஜூனோடு மூடப்பட்டுவிட்டது. இருக்கிற மைதானத்தைப் பொழுது சாய்ந்ததும் பூட்டிப் போடுவதை ஐடில் கெபாசிட்டி என்று நம் காஸ்டிங் புத்தகம் சொல்லும். நான் அநியாயம் என்பேன்.

எதிர்த்தரப்பில் இரண்டு நியாயம் உண்டு. ஒன்று, பந்து தெரியும், ஆள் தெரியாது. அடிபட்டால் மண்டை போய்விடும். எனவே குட்டைக் குழிகள் மட்டும், ஆளுக்கு ஆள் ஒளிவளையம், முன்னால் போன குழு நகர்ந்த பிறகே அடுத்த அடி. இரண்டு, ஒளிக்குச்சி. உள்ளே ஹைட்ரஜன் பெராக்சைடும் இன்னொரு ரசாயனமும் கலந்து சில மணி நேரம் ஒளிரும், அப்புறம் வெறும் பிளாஸ்டிக் குப்பை. அதைத் தூக்கிவிட்டுக் கம்பத்திலும் எல்ஈடி வையுங்கள், தீர்ந்தது.

மற்றபடி குழி அதே 108 மில்லிமீட்டர்தான் சார். இருட்டில் அது பெரிதாகிவிடவில்லை. போட்டிகளில் இந்தப் பந்தைச் சேர்க்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. சாயங்காலம் வேலை முடிந்து வருகிறவனுக்குக் கேட்டைத் திறந்துவிடுங்கள் என்கிறோம், அவ்வளவுதான்.

சூரியன் மறைந்த பிறகு அந்தப் புல்லின் மேல் உங்களுக்கு மட்டும் என்ன தனி உரிமை? பதில் இருப்பவர்கள் பின்னூட்டத்தில் வரவும்.