போக்கர்: ஜெயிப்பதற்கு முன் சீட்டைக் கீழே போடக் கத்துக்கணும்!

ரம்மி தெரிந்தவர்களுக்கு போக்கர் ரொம்ப ஈஸி என்று தோன்றும். விதிகள் அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிடும். கஷ்டம் அதற்குப் பிறகுதான்.

எப்படி ஆடுவது?

பரவலாக ஆடப்படும் 'டெக்ஸாஸ் ஹோல்டம்' வகையில், ஒவ்வொருவர் கையிலும் 2 சீட்டு. மேஜையில் எல்லோருக்கும் பொதுவாக 5 சீட்டு: முதலில் 3 (ஃப்ளாப்), அடுத்து 1 (டர்ன்), கடைசியாக 1 (ரிவர்). இந்த ஏழில் சிறந்த 5 சீட்டுதான் உங்கள் ஆட்டம். கையில் சீட்டு வந்ததும் ஒரு சுற்று, பொதுச் சீட்டு விரியும்போதெல்லாம் ஒரு சுற்று பந்தயம். பிடிக்கவில்லையா, சீட்டைப் போட்டுவிட்டு விலகலாம். அதுதான் 'ஃபோல்டு'.

கணக்கு எங்கே வருகிறது?

டர்ன் முடிந்தது. உங்கள் கையையும் மேஜையையும் சேர்த்து 4 ஹார்ட்டின். இன்னொன்று வந்தால் 'ஃப்ளஷ்', ஜெயிப்பு உறுதி என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் பார்க்காத சீட்டு 46. அதில் ஹார்ட்டின் 9. நடுவில் 100 புள்ளி இருக்கிறது. எதிராளி தன்னிடம் மிச்சமிருந்த 50-ஐயும் வைக்கிறார். தொடர நீங்களும் 50 வைக்கணும்.

இதே நிலை 46 முறை வந்தால், சராசரியாக 9 முறை 150 வீதம் 1,350 வரவு. 37 முறை 50 வீதம் 1,850 போச்சு. நிகர நஷ்டம் 500. ஆசையாக இருந்தாலும் ஃபோல்டுதான் சரி.

அப்போ இது திறமைதானே?

திறமைதான். ஆனால் அது ஆயிரக்கணக்கான ஆட்டங்களில்தான் தெரியும். ஒரே ராத்திரியில் தப்பாக ஆடியவர் ஜெயிக்கலாம், சரியாக ஆடியவர் தோற்கலாம். ஜெயித்தால் 'என் திறமை', தோற்றால் 'என் நேரம்' என்று நினைப்பவரின் சம்பளம்தான் முதலில் கரையும். போதாததற்கு, ஆட்டம் நடத்துபவர் தன் பங்கை எடுத்துக்கொள்வார்.

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்த 2025 மத்தியச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பிரித்துப் பார்க்கவில்லை. அந்தப் பிரிவினை பர்ஸைக் காப்பாற்றாது என்பது நிஜம்.

'காசு இல்லேன்னா யாரும் சீரியஸா ஆட மாட்டாங்க' என்பார்கள். ஆளுக்கு 100 புளியங்கொட்டை, தீர்ந்தால் வெளியே என்று வைத்துப் பாருங்கள். ஃபோல்டு தானாக வரும்.