குண்டு பட்டது எங்கே?

1860-ம் ஆண்டு. இங்கிலாந்தில் விம்பிள்டன் மைதானம். விக்டோரியா ராணி ஒரு கயிற்றை இழுத்தார். தாங்கியில் பொருத்தியிருந்த துப்பாக்கி வெடித்தது. 400 கெஜ தூரத்தில் நின்ற இலக்கில் குண்டு பாய்ந்தது. போட்டி ஆரம்பமாயிற்று!

அந்தப் போட்டிகள் 1890-ல் பிஸ்லி என்ற ஊருக்கு மாறின. அங்கே 1,000 கெஜ தூரத்துக்கும் சுடுகிறார்கள். அதாவது 914 மீட்டர். குண்டு போடும் துளையோ சுண்டு விரல் அகலம்கூட இராது. கானல் அலையடித்தால் தூரதிருஷ்டிக் கண்ணாடியிலும் தெரியாது.

பின் எப்படி அறிவது? இலக்கின் கீழே, மண்மேட்டின் மறைவில் ஆட்கள் இருப்பார்கள். குண்டு பட்டதும் இலக்கை இறக்குவார்கள். துளையில் வட்டத் தகட்டைச் செருகி, மறுபடி ஏற்றிக் காட்டுவார்கள்.

இப்போது கம்பியில்லாக் காமிரா வந்திருக்கிறது. இலக்கின் அருகே, குண்டு படாதபடி ஒதுக்கி வைக்கிறார்கள். படம் ரேடியோ அலையில் வருகிறது. சுட்டவர் தம் கைபேசியிலேயே துளையைப் பார்த்துக் கொள்கிறார். ஒவ்வொரு தடவையும் நடந்து போய்ப் பார்க்க வேண்டியதில்லை.

நல்ல வசதிதான். ஆனால் காமிரா பார்ப்பது இலக்கை மட்டுமே. நடுவில் கிடக்கும் நிலத்தை அது பார்ப்பதில்லை. அங்கே ஓர் ஆள் நுழைந்துவிட்டால் யார் சொல்வது?

ஆகவே, காமிரா வந்தாலும் செங்கொடி பறக்க வேண்டும். "நிறுத்து" என்று கூவ ஓர் அதிகாரி நிற்க வேண்டும். கண் படத்தில் இருக்கும்போது விரல் விசையில் இருக்கக் கூடாது.

குறி தவறினால் மறுபடி சுடலாம். போன உயிர் மறுபடி வருமா?